கோப்பு இல்லை, ஐயா

"அப்படி ஒரு கோப்பு இங்கே இல்லை, ஐயா" என்றேன். அது பொய்யல்ல. இரண்டு ஆண்டுகளாக இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வந்தவருக்கு எண்பது வயது இருக்கும். சந்தை கூடும் சிற்றூர் ஒன்றில், டூரிங் டாக்கீஸில், அதாவது தற்காலிகமாகப் போட்ட கூரைக் கொட்டகை சினிமாவில், படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர். பட்டாவோ பென்ஷனோ கேட்டு வரவில்லை. தாம் வேலை பார்த்த கொட்டகைக்குப் படம் காட்ட அரசு கொடுத்த சி படிவ உரிமத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், முடிந்தால் ஒரு நகல் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கோப்புகளை எனக்குத் தெரியும். எங்கள் அரசு அலுவலகத்தின் பதிவறையை ஒழித்தபோது அவற்றைக் கட்டுப் பிரித்து அழிப்புப் பட்டியலில் எழுதியவன் நான்.

டூரிங் உரிமம் குறுகிய காலத்துக்குத்தான். காலம் முடிந்தால் மறுபடியும் மனு, மறுபடியும் வரைபடம், மறுபடியும் சான்றுகள். 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957ஆம் ஆண்டு விதிகளும் கூரைக் கொட்டகையையும் விட்டுவைக்கவில்லை. நிரந்தரத் தியேட்டருக்குத் தடித்த கோப்பு ஒன்று என்றால், கொட்டகைக்கு மெலிந்த கோப்புகள் பல. எல்லாவற்றின் மேலும் 'ப.மு.', அதாவது பத்தாண்டு முடிவு: பத்தாண்டு வைத்திருந்துவிட்டு அழிக்கலாம். அந்தப் பத்தாண்டு கடந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

பட்டியலில் ஏற்றுவதற்கு முன் நான் அவற்றைப் படித்தேன். படிக்காமல் எழுதியிருந்தால் இவ்வளவு உறுத்தாது. மணல் வாளிகள் எத்தனை, பெண்கள் பக்கத்து வழி எது, தரைக்கும் பெஞ்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எல்லாம் இருந்தது. ஆபரேட்டர் அறை மட்டும் தனியாகத் தகரம் அடைத்து வரைந்திருந்தது. உள்ளே மெஷினில் கார்பன் குச்சிகளுக்கு நடுவில் எரிந்த வெளிச்சத்தையும், பழைய நைட்ரேட் பிலிம் பற்றிக்கொள்ளும் வேகத்தையும் நினைத்தால் அந்தத் தகரத்தின் அவசியம் புரியும். அந்தச் சிறிய சதுரத்துக்குள் இருந்தவர்தான் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

கொட்டகையில் ஒரே மெஷின் என்றார். ரீல் முடியும்போதெல்லாம் விளக்கைப் போட வேண்டும். சனங்கள் முறுக்கு வாங்கித் திரும்புவதற்குள் அடுத்த ரீலை மாட்டிவிடுவாராம். சொல்லும்போது விரல்கள் தாமாக அசைந்தன. பிறகுதான் கோப்பைக் கேட்டார். நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியென்றால் முதலாளி லைசென்ஸ் எடுக்காமலா ஓட்டினார்? எடுத்தாயிற்று என்றுதானே எங்களிடம் சொன்னார்?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் போல" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அழித்தது விதிப்படி, மேலதிகாரி கையெழுத்து இருக்கிறது. நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் அவர் நேராகத்தான் கேட்டார்.

உடன் வேலை பார்ப்பவரிடம் சொன்னபோது, "1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸே' இன்று நம்மிடம் கிடையாது. கொட்டகை லைசென்ஸுக்குப் போய் வருத்தப்படுகிறீர்களே" என்றார். அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது. இரவில் யோசித்தபோது இல்லை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயரில் அங்கே சாலையே இருக்கிறது. கூடாரத்தோடு நின்றிருந்தால் சாலைக்குப் பெயர் ஏது? கொட்டகையைப் பிரித்ததும் கம்பு நட்ட குழிகள் மூடிவிடுகின்றன. அதற்குப் பிறகு, அங்கே ஒரு சினிமா ஓடியது என்று சொல்ல அரசாங்கத்திடம் இருப்பது அந்த மெலிந்த கோப்பு மட்டும்தான்.

இப்படி எழுதிவிட்டேன் என்பதால், இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதே கட்டு நாளை வந்தாலும் பட்டியலில்தான் ஏற்றுவேன். நிலக் கோப்புகளுக்கே எங்கள் பதிவறையில் இடம் போதவில்லை. கோப்பை அழித்ததை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. செத்துப்போன ஒரு முதலாளி, அவரிடம் உழைத்தவர் மனத்தில் திருட்டுத்தனமாகப் படம் ஓட்டியவராக மாறியதைத்தான் முடியவில்லை. அதற்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சும்மா இருந்தேன்.

அழிப்புப் பட்டியலை நாங்கள் அழிப்பதில்லை. கோப்பு எண், ஆண்டு, 'டூரிங் சினிமா உரிமம்' என்ற பொருள், ஊர்ப் பெயர் எல்லாம் அதில் வரிவரியாக என் கையெழுத்திலேயே இருக்கின்றன. பீரோ என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. எழுந்து எடுத்துக் காட்டியிருந்தால் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்த மனுவை, கோப்பு இல்லாததால், அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். முகவரி அதில்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஊரில் இறங்கி, டூரிங் ஆபரேட்டர் வீடு எது என்று கேட்டால் யாராவது காட்டுவார்கள்.