உருண்டை நூலான கதை
நேற்று என் பூஞ்சை செல்களில் ஒன்றுகூட முளைக்கவில்லை. இன்று கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்கிற அந்தப் பூஞ்சையைக் கொஞ்சமாகத் தொட்டு சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த திரவம்) கலந்து 37 டிகிரியில் வைத்தேன். இரண்டரை மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், உருண்டை ஈஸ்ட் செல்களுக்கு வால் முளைத்திருக்கிறது! தாய் செல்லிலிருந்து வால் கிளம்பும் இடத்தில் இடுக்கமே இல்லை. அதுதான் நிஜமான நூல் கிளம்புகிறது என்பதற்கு அடையாளம்.

பலருடைய வாயிலும் குடலிலும் சாதுவாகக் கிடக்கிற அதே பூஞ்சைதான். சூடும் சீரமும் கிடைத்ததும் உள்ளே ராஸ்1 புரதம் விழித்துக்கொள்கிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்கிற சிறு மூலக்கூறு ஏறுகிறது, புரோட்டீன் கைனேஸ் ஏ என்கிற நொதி வழியாக ஈஎஃப்ஜி1 என்கிற புரதத்துக்குத் தகவல் போகிறது. அது மரபணுக்களைத் தட்டி எழுப்ப, உருண்டை நூலாக நீள்கிறது. நூலான பிறகுதான் கேண்டிடாலைசின் என்கிற நச்சைக் கக்கும். 31 அமினோ அமிலம்தான், ஆனால் நம் செல் சவ்வையே ஓட்டை போட்டுவிடும். 2016-ல்தான் இது வெளியே தெரிந்தது.

சரி, நேற்று என்ன ஆச்சு? செல்களை அள்ளிப் போட்டுவிட்டேன். கூட்டம் கூடினால் இதுவே ஃபார்னசால் என்கிற வேதிப்பொருளைச் சுரந்து நூல் விடுவதை நிறுத்திக்கொள்ளும். இது தெரிந்தும், சாயங்காலம் முழுக்க சீரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.