பால் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கு

பார்க்கின்சன் நோயாளி இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கையைத்தான் காட்டுவார்கள். "பாருங்க சார், எப்படி ஆடுதுன்னு." அப்புறம் நடையைச் சொல்வார்கள், பேச்சுக் குழறுவதைச் சொல்வார்கள், தூக்கத்தில் கத்துவதைக்கூடச் சொல்வார்கள். வெளிக்குப் போய் ஐந்து நாளாகிறது என்பதை மட்டும் யாரும் தானாகச் சொல்வதில்லை. நாமே கேட்டாலும், "அது வயசாயிடுச்சுல்ல சார்" என்று ஒதுக்கிவிட்டு மறுபடி கைக்கே வந்துவிடுவார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் பார்ப்பது என் வேலை. என்னோடு ஒரு செவிலியரும் வருவார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான், எனக்கும் அப்படியே. கை கால் என் பாடம், வயிறு சிஸ்டர் பாடம் என்று பிரித்துக்கொள்ள இந்த நோய் விடாது. வயிறு கட்டிக் கிடக்கும் ஆளை நிமிர்த்தி நடக்கவைக்க முடியாது. வலியில் முன்னால் குனிந்துகொண்டே நிற்பார், அடி எடுத்துவைக்கச் சொன்னால் எரிச்சல் வரும். அதனால் இப்போதெல்லாம் கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "ஐயா, கடைசியா எப்ப வெளிக்குப் போனீங்க?"

இதை முதுமையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் லண்டனில் இந்த நோயை முதன்முதலாக விரிவாக எழுதியபோதே, நோயாளிகளின் குடல் மந்தமாக இருப்பதையும், நோய் முற்றும்போது வலுவான பேதி மருந்து தேவைப்படுவதையும் குறித்து வைத்திருக்கிறார். மூளைச் செல்களில் படியும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் குடல் சுவரில் ஓடும் நரம்புகளிலும் படிகிறது. அந்த நரம்புகள் சோர்ந்தால் மலம் நகரும் வேகம் குறையும், தண்ணீர் உறிஞ்சப்பட்டு இறுகிப்போகும். பலருக்குக் கை ஆடத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது வந்துவிடுகிறது. ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹொனலுலுவில் ஆயிரக்கணக்கான ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தினம் ஒருமுறைகூடப் போகாதவர்களுக்கு, தினம் ஒருமுறை போகிறவர்களைவிட 2.7 மடங்கு அதிகமாகப் பின்னாளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு இருந்ததாக அது சொன்னது. இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் நோய் வந்தவர்களிடம் பழைய கதையைக் கேட்டால், "அது ஆச்சு பத்துப் பன்னெண்டு வருஷம். கை ஆடறதுக்கு ரொம்ப முன்னாடியே" என்று சொல்பவர்கள் நிறைய.

இதை நான் வீடுகளில் சொல்லக் காரணம் இருக்கிறது. "ஒழுங்கா சாப்பிட்டா ஏன் இப்படி ஆகுது" என்று பெரியவரை அதட்டும் குரல் அதோடு கொஞ்சம் தணிகிறது.

என் பாடத்துக்குள் வரும் பகுதி ஒன்றும் உண்டு. முக்கும்போது வயிற்றுத் தசை இறுக வேண்டும், ஆசனவாயைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசை தளர வேண்டும். இந்த நோயில் சிலருக்கு அந்த நேரத்தில் தளர வேண்டிய தசையும் சேர்ந்து இறுகுகிறது. உள்ளிருந்து தள்ளும் ஆளும் வெளியே கதவைச் சாத்தும் ஆளும் ஒருவரே என்றால் எப்படி? எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வராது. அரைமணி நேரம் முக்கிக்கொண்டே இருந்தால் வேறு ஆபத்து. இந்த நோயில் பலருக்கு உட்கார்ந்து எழும்போதே இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். முக்கிவிட்டு எழுந்தால் தலைசுற்றிச் சாய்ந்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், வரவில்லையென்றால் எழுந்து வந்துவிட்டு அப்புறம் போகலாம் என்று சொல்லிவைக்கிறேன்.

ஒரு பெரியவர். சொந்தமாக மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர்; நடவுக் காலத்தில் வரப்பில் நின்றால்தான் அவருக்குச் சோறு இறங்கும். காலை ஆறு மணி மாத்திரை போட்டால் அரைமணியில் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். கொஞ்ச நாளாகப் பத்து மணி ஆகியும் மாத்திரை பிடிப்பதில்லை. திருப்பூரிலிருந்து மகன் போனில் கேட்டார்: "மாத்திரை பவர் பத்தலையா சார், கூட்டிடலாமா?" சிஸ்டர் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு மருமகளைத் தனியாக அழைத்துக் கேட்டார். வெளிக்குப் போய் ஆறு நாள்.

அவர் காலையில் போடுவது லீவோடோபா, பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரை. அது சிறுகுடலுக்குப் போன பிறகுதான் இரத்தத்தில் சேரும். இந்த நோயில் இரைப்பையும் மெதுவாகவே காலியாகும். கீழே எல்லாம் அடைத்துக் கிடந்தால் அது இன்னும் மந்தமாகும். மாத்திரை வயிற்றிலேயே தங்கிக்கொண்டிருக்கும்போது கூட ஒன்றைப் போட்டு என்ன பயன்? அவரை நரம்பு மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் மாத்திரையைக் கூட்டவில்லை. பழைய சீட்டில் தொடர்ந்து வந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். நடுக்கத்துக்குக் கொடுப்பது அது, ஆனால் குடலை இன்னும் கட்டும், வயதானவர்களுக்கு ஞாபகத்தையும் குழப்பும். ரத்தசோகைக்குப் போட்டுவந்த இரும்புச்சத்து மாத்திரையை லீவோடோபாவோடு சேர்த்துப் போடாமல் தள்ளிப் போடச் சொன்னார். இரும்பு இரண்டு வேலை செய்யும்: லீவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மலத்தையும் இறுக்கும். கூடவே தினம் தண்ணீரில் கலந்து குடிக்க, மலத்தை இளக்கும் பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி. சில வாரத்தில் காலை மாத்திரை பழையபடி பிடிக்க ஆரம்பித்தது. இதில் எதையும் வீட்டிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளக் கூடாது. பார்க்கின்சன் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மாத்திரையை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வீட்டை யார் பார்ப்பது? எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் நீளமானவை. திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம், அடுப்படி எல்லாம் தாண்டிக் கொல்லையின் கடைசியில்தான் கக்கூஸ். அரசு மானியத்தில் கட்டியதாக இருந்தாலும் அதே இடம்தான். அதுவும் குந்தி உட்காரும் பீங்கான். குடல் காலியாவதற்குக் குந்தி உட்காருவதுதான் நல்ல வாகு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பார்க்கின்சன்காரர் குந்தினால் எழ முடியாது. போகும் வழியில் எத்தனை நிலைப்படி! இந்த நோயில் கால் தரையோடு ஒட்டிக்கொள்வது போல நின்றுவிடும். அது அதிகம் நடப்பது வாசற்படியிலும் குறுகலான இடத்திலும்தான். படியின் முன்னால் பளிச்சென்று ஒரு நாடா ஒட்டி, அதைத் தாண்டிக் கால் வைக்கச் சொன்னால் பலருக்கு அடி எடுக்க வருகிறது.

இவ்வளவு பாடு இருப்பதால் பெரியவர்கள் சுலபமான ஒரு வழியைக் கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. ராத்திரி எழுந்திருக்க வேண்டாம், யாரையும் எழுப்பவும் வேண்டாம். நடவு, அறுவடைக் காலத்தில் இது இன்னும் மோசம். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வந்துவிட்டால் வீட்டில் பகலில் ஆள் இருக்காது. கொல்லைக்கு அழைத்துப்போக ஆள் இல்லையென்று மதியம் வரை ஒரு டம்ளர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "ரெண்டு லிட்டர் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவதைப் போல வெட்டி வேலை இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி வந்த பிறகுதான் தண்ணீர்ச் சொம்பு காலியாகும்.

கமோடு நாற்காலியைக் கூடத்தில் போடுவதற்கு வீட்டில் ஒரு சண்டை நடக்கும், சுவாமி படம் மாட்டியிருக்கிறதே என்று. சண்டை முடிந்து நாற்காலி வந்தால் அடுத்த பிரச்சினை, கால் தரையில் பாவாது. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் குந்தும் வாகு கிடைக்கும். காலுக்கடியில் பலகை வேண்டும். ஒரு வீட்டில் சுவரோரம் இரண்டு மணை சாத்தியிருந்தது. "இதைப் போடலாமே" என்று எடுத்தேன். பாட்டிக்குக் குரலே எழும்பாத நோய். அன்றைக்கு எழும்பியது: "கல்யாண மணையைக் கக்கூஸுக்கா?" சரி என்று நாலு செங்கல்லை அடுக்கி மேலே ஒரு பலகையை வைத்தோம். இன்றும் அதுதான் ஓடுகிறது.

நேரமும் முக்கியம். எதையாவது சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக ஒரு அசைவு கொடுக்கும், காலையில் அது பலமாக இருக்கும். மாத்திரையைப் போட்டு அரைமணி கழித்துச் சூடாக ஏதாவது குடித்து, இட்லியோ பழையதோ சாப்பிட்டு, அப்புறம் போய் உட்கார்ந்தால் மாத்திரை வேலை செய்யும் நேரமும் குடல் அசையும் நேரமும் ஒன்றாக அமையும். கும்பகோணத்துக்காரர்கள் காபியில்தான் வயிறு விடியும் என்பார்கள், அதை நான் மறுப்பதில்லை.

வைத்தியம் சொல்லாத வீடு இல்லை. நீராகாரம், கீரை, வாழைத்தண்டு, பூவன் பழம் எல்லாம் நல்லதுதான். பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, நார்ச்சத்து உமியான இசப்கோலை ஒரு மிடறு தண்ணீரில் முழுங்குவது. தண்ணீர் போதவில்லையென்றால் அதுவே உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, விழுங்கும்போது புரையேறும் ஆளுக்கு விளக்கெண்ணெயோ லிக்விட் பாராஃபின் கலந்த சிரப்போ ஊற்றுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வேறு சிக்கல். குமட்டலுக்கு மருந்துக் கடையில் மெட்டோக்ளோப்ரமைடு வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அது பார்க்கின்சனையே கூட்டிவிடும்.

சிஸ்டர் ஒருமுறை பிடித்ததை இங்கே சொல்ல வேண்டும். ஓர் அம்மாவுக்கு மூன்று நாளாகப் பேதி என்று பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். துணியெல்லாம் நீராகக் கசிந்துகொண்டிருந்தது. ஆள் சம்பந்தமில்லாமல் பேசினார், சிறுநீரும் சரியாகப் போகவில்லை. நான் பேதி என்றே நினைத்திருப்பேன். சிஸ்டர் அடிவயிற்றைத் தொட்டதும், "இது பேதியில்ல, கல்லு மாதிரி அடைச்சிருக்கு. ஓரத்துல கசியுது" என்றார். அதற்கு முன்பு பத்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். மறுநாளே பேச்சுத் தெளிந்தது, சிறுநீரும் போனது. அந்தப் பத்து நாளும் மருமகள் கேட்கவில்லை, மாமியார் சொல்லவில்லை. "எப்படி சிஸ்டர் அத்தைகிட்ட அதைப் போய்க் கேக்கறது?"

கேட்க வேண்டாம், எழுதுங்கள் என்று சொன்னது சிஸ்டர்தான். அந்த வீட்டில் பால் கணக்கு எழுத ஒரு மாதக் காலண்டர் மாட்டியிருந்தது. அதே கட்டத்தின் மூலையில் போன நாளுக்கு ஒரு டிக், கட்டியாக இருந்தால் ஒரு புள்ளி. மூன்று நாள் காலியாக இருந்தால் எங்களுக்கு போன். வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, வலி தாங்காமல் போனாலோ, ரத்தம் கலந்தாலோ போன்கூட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. இந்த டிக் போடும் வழக்கத்தை இப்போது எல்லா வீடுகளுக்கும் எடுத்துப்போகிறோம். மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே பேச்சில்லாமல் வேலை நடக்கிறது.

டிக் ஒழுங்காக விழ ஆரம்பித்ததும் பொடியை நிறுத்திவிடுவார்கள், அது அடுத்த தொல்லை. நம் மூன்று மாப் பெரியவர் வீட்டிலும் அதுதான் நடந்தது. மகன் ஊருக்கு வந்தவர், "இப்பதான் நல்லா போறாரே, தினம் மருந்து குடிச்சா குடல் பழகிடும்" என்று டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டார். நோய் போகாதபோது குடல் மந்தம் மட்டும் எப்படிப் போகும் என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் மருமகள் குறுக்கே புகுந்தார்: "மாமாவுக்குப் பிரஷர் மாத்திரையும்தான் தினம் கொடுக்கறோம். பழகிடும்னு அதை நிறுத்தினீங்களா?" டப்பா கீழே இறங்கியது. மகன் மட்டும் இன்னும் விளக்கெண்ணெய்க்குத்தான் ஓட்டுப் போடுகிறார்.