காரின் பெயரைச் சொல்லி கியர்பாக்ஸ் எண்ணெய் வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பட்டறையில் என் ஹோண்டா சிட்டியை விட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்குத் தே தாரேக் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றி, காரை ஜாக்கிலிருந்து இறக்கி, "முடிஞ்சிருச்சு தம்பி, ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டிவிட்டார்கள். பின்சக்கரத்துப் பக்கம் காலி பாட்டில்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஏடிஎஃப் டிடபிள்யூ-1. ஹோண்டாவின் அசல் எண்ணெய்தான், போலி இல்லை. ஆனால் என் கார் 2014 மாடல், சிவிடி கியர்பாக்ஸ், அதாவது தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோ. அதற்கு எச்சிஎஃப்-2 என்ற ஹோண்டாவின் சிவிடி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும்.

போமன் அண்ணன், அதான் பட்டறை மெக்கானிக், வேண்டுமென்று செய்யவில்லை. அதற்கு முந்தைய சிட்டியில் இருந்தது ஐந்து கியர் உள்ள சாதாரண ஆட்டோ. அந்தக் கார்கள் நூற்றுக்கணக்கில் அவர் கையைத் தாண்டிப் போயிருக்கும், அதற்கெல்லாம் டிடபிள்யூ-1 சரி. 2014இல் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருந்த பெட்டி மாறிவிட்டது. அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வடித்தோம், சரியான எண்ணெய் ஊற்றினோம், இன்ஜினை ஓட விட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து மறுபடி வடித்தோம், அப்புறம் இன்னொரு முறை. ஏன் மூன்று முறை என்றால், கீழே உள்ள நட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது, இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் நிறைய தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பழையது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, எண்ணெய் எண்ணெய்தானே என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை. பழைய வகை ஆட்டோவில் கியர் மாறும்போது எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கின்றன. ஆட்டோ எண்ணெய், அதாவது ஏடிஎஃப், அந்தப் பிடிப்பு வெடுக்கென்று இல்லாமல் வழுக்கிக்கொண்டே மெதுவாக விழும்படி செய்யப்பட்டது. சிவிடியில் வேலையே வேறு: இரண்டு கூம்புச் சக்கரங்களுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை இறுக்கமாக ஓடுகிறது, இரும்பு இரும்பைப் பிடித்துத்தான் கார் நகர வேண்டும். அங்கே எண்ணெய் தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், அதே நேரம் பட்டை வழுக்கவும் விடக்கூடாது. தப்பான எண்ணெயில் பட்டை ஒரு தடவை வழுக்கினாலே சக்கரத்தின் முகத்தில் கீறல் விழும், அந்தத் துகள் எண்ணெயோடு சுற்றி வால்வுகளுக்குள் போகும். அப்படியாகிவிட்டால் பெரும்பாலும் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள், ஆயிரக்கணக்கில் வெள்ளி.

நம் ஊரில் இந்தக் குழப்பம் ஹோண்டாவோடு நிற்கவில்லை. பெரோடுவா மைவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இலிருந்து நான்கு கியர் ஆட்டோவாகவே வந்தது, 2021 நவம்பரில் வந்த புது முகத்தோடு டி-சிவிடி என்ற சிவிடி வகை ஆகிவிட்டது. புரோட்டான் சாகா தலைகீழ்: சிவிடியில் ஓடிக்கொண்டிருந்தது, 2019இல் ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவுக்கு மாறியது. ஆக, "மைவிக்கு எண்ணெய் கொடுங்க", "சாகாவுக்கு எண்ணெய் கொடுங்க" என்று ஸ்பேர்பார்ட் கடையில் கேட்பதே ஆபத்து. ஆண்டைச் சொல்லுங்கள், கியர்பாக்ஸ் வகையைச் சொல்லுங்கள், அதைவிட முக்கியமாக கார் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண்ணெயின் பெயரை அப்படியே சொல்லுங்கள். டொயோட்டாவில் பழையதற்கு டி-4, புதியதற்கு டபிள்யூஎஸ், இரண்டுக்கும் கெட்டித்தன்மை வேறு. நிசானின் சிவிடிகளில் சிலவற்றுக்கு என்எஸ்-2, சிலவற்றுக்கு என்எஸ்-3.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே, அதை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. பழைய நான்கு கியர் ஆட்டோவுக்கு நல்ல கம்பெனி எண்ணெய் போதும். ஆனால் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். கார் கம்பெனி அனுமதித்தது என்பது ஒன்று, பொருந்தும் என்று எண்ணெய்க் கம்பெனி தானே சொல்வது வேறு. டெக்ஸ்ரான் 3 என்று பாட்டில்களில் போட்டிருக்கிறார்கள், ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை 2006 கடைசியிலேயே நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெயருக்கு எந்தச் சோதனையும் பின்னால் இல்லை, விற்பவரின் வார்த்தை மட்டும்தான்.

கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். காலையில் ஃபெடரல் ஹைவேயில் ஒரு மணி நேரம் நின்று நின்று ஊர்ந்தால், டார்க் கன்வெர்ட்டர் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும், காற்றோட்டமும் இருக்காது, அந்தச் சூடுதான் எண்ணெயைக் கெடுக்கிறது. தீபாவளிக்கு ஆள் நிறைந்த காரோடு மெனோரா சுரங்கப்பாதை ஏற்றம் ஏறுவதும், கெந்திங் ஏறுவதும் அப்படித்தான். நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன், வடித்து ஊற்றுவது மட்டும். இன்னொன்று, எண்ணெய் ஆயிர் பண்டோங் மாதிரி இளஞ்சிவப்பாகப் பால் கலந்த நிறத்தில் இருந்தால் காரை அங்கேயே நிறுத்துங்கள், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.

சரி, அடிட்டிவ், அதாவது எண்ணெயோடு கூடுதலாகக் கலக்கச் சொல்லும் மருந்து. கல்லா பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும் குட்டி பாட்டில்கள். இன்ஜின் எண்ணெயில் ஏற்கெனவே தேய்மானம் தடுக்கத் துத்தநாகக் கலவை, அழுக்கைக் கழுவ, கரியை மிதக்க வைக்க, நுரையை அடக்க என்று எல்லாம் அளந்து கலந்துதான் வருகிறது. அளவு என்பது விளையாட்டில்லை. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி எண்ணெய்களில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 800 பங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருப்பது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான். நாம் மேலே ஒன்றை ஊற்றினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற அடிட்டிவின் விளம்பரங்களுக்கு ஆதாரம் போதாது என்று அங்குள்ள வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 1997இல் அது சமரசத்தில் முடிந்தது. கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதில் கிளட்ச் அதே இன்ஜின் எண்ணெயில்தான் ஊறுகிறது, வழுவழுப்பு கூட்டும் எதையாவது ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ என்று போட்ட எண்ணெய் மட்டும் வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் கசிவை நிறுத்தும் பாட்டிலில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ரப்பர் சீலை ஊதவைக்கும், பழைய காரில் கொஞ்ச நாள் தாங்கும். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுச் சீலையே மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம்.

போன வாரம் தங்கையின் சாகாவுக்கு வாங்கப் போனேன். 2020 வண்டி. கார் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனேன். கடைக்கார அங்கிள் "சாகாவா" என்றபடியே ஒரு சிவிடி பாட்டிலை எடுத்துவிட்டார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார், கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனார்.