இ-வே பில் லாகினை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க

லாரி ஆபீஸ் சாஃப்ட்வேரை இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் போடுற ஜிஎஸ்டி ஆவணம்) போர்ட்டலோட இணைக்கும்போது ஓனரோட மெயின் லாகினையே வாட்ஸ்அப்பில் தூக்கிக் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகலை. தயவுசெய்து வேண்டாம். உங்க ஜிஎஸ்டி எண்ணில் யாரோ பில் போட்டு சரக்கு ஓட்டினால், நோட்டீஸ் உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

போர்ட்டலில் ரெஜிஸ்ட்ரேஷன் மெனுவுக்குள்ள 'ஃபார் ஜிஎஸ்பி'ன்னு இருக்கு (ஜிஎஸ்பின்னா சாஃப்ட்வேரை ஜிஎஸ்டி சிஸ்டத்தோட இணைச்சு விடுற, அனுமதி பெற்ற நிறுவனம்). ஓடிபி போட்டு உள்ளே போய், சாஃப்ட்வேர்காரங்க சொல்ற ஜிஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தா, ஏபிஐக்குன்னே (சாஃப்ட்வேர் நேரடியா போர்ட்டலோட பேசுற வழி) தனி யூசர்நேம், பாஸ்வேர்டு வச்சுக்கலாம். நாளைக்கு சாஃப்ட்வேர் மாறினாலும் மெயின் லாகின் உங்க கையிலேயே இருக்கும்.

பில் போடுறவங்களுக்கு ஆளுக்கொரு சப்-யூசர், அதாவது மெயின் லாகினுக்குக் கீழே தனி லாகின். வேலையை விட்டவரோட லாகினை அன்னைக்கே ஃப்ரீஸ் பண்ணிடுங்க. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓடிபியோடதான் லாகின். அதைக் கேட்டு யார் ஃபோன் பண்ணினாலும் சொல்லாதீங்க.