பைபர் பெட்ரோல் டேங்குக்கு எந்த ரெசின்?

என் பழைய மோட்டார் சைக்கிளின் தகர டேங்க் உப்புக்காற்றில் அரித்துப் போனது. அதே அளவில் பைபரில், அதாவது கண்ணாடி இழையில் ரெசின் என்ற இறுகும் பிசினை ஊறவிட்டு, ஒன்று செய்துகொள்ளலாம் என்று கடலூர் முதுநகரில் ஒரு படகுப் பட்டறையில் விசாரித்தேன். பெட்ரோலுக்கு என்றதுமே அங்கிருந்த அண்ணன் தலையாட்டினார். "நாங்க போடுற ரெசின் கடல் தண்ணிக்குத் தாங்கும் தம்பி. பெட்ரோல்னா வேற பாருங்க."

அவர் சொன்னது சரிதான். படகு வேலையில் பரவலாகப் புழங்குவது ஆர்த்தோ பாலியஸ்டர், அதாவது ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு) ரெசின். இப்போது பங்கில் வருவதோ 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் அந்த ரெசினுக்குள் ஊறி அதை இளக்கிவிடும். கரைந்து வருவது கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும். ஐசோ பாலியஸ்டர் பரவாயில்லை. வினைல் எஸ்டர் அதைவிட மேல். அதன் மூலக்கூறில் ரசாயனம் எளிதில் தாக்கும் எஸ்டர் பிணைப்புகள் குறைவு, அவையும் நுனிகளில்தான் இருக்கும். அதிலேயே நோவலாக் வகை கரைப்பான்களை இன்னும் நன்றாகத் தாங்கும்.

கேள்விப்பட்டதை மட்டும் நம்பாமல், ஜி.பி.யிலும் வினைல் எஸ்டரிலும் சின்னத் துண்டுகள் வார்த்து, நகைத் தராசில் எடை போட்டு, பங்குப் பெட்ரோலில் மூழ்கவைத்தேன். சில வாரம் கழித்து எடுத்தபோது ஜி.பி. துண்டின் ஓரத்தில் நகம் பதிந்தது, எடையும் ஏறியிருந்தது. வினைல் எஸ்டர் துண்டைத் தரையில் போட்டால் பழையபடி ணங்கென்று சத்தம். அதையே வாங்கினேன். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். சில மாதம்தான் நன்றாக இருக்கும்.

நல்ல ரெசின் வாங்கினால் மட்டும் போதாது, அது முழுசாக இறுக வேண்டும். காற்றுப் படும் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நின்றுவிடும். மோல்டுக்குள் வார்க்கும் டேங்கில் பெட்ரோல் தொடும் உட்புறம்தான் அந்தப் பரப்பு. அதனால் அங்கே சர்ஃபேஸ் டிஷ்யூ என்ற மெல்லிய இழைத் தாள் வைத்து, ரெசின் தாராளமாக ஊறவிட்டு, கடைசிப் பூச்சில் காற்றுப் படாமல் தடுக்க மெழுகுக் கரைசல் சேர்த்தேன். மறுநாள் பல்பு மாட்டிய தகரப் பெட்டிக்குள் வைத்துச் சூட்டை மெல்ல 80 டிகிரி வரை ஏற்றிச் சில மணி நேரம் விட்டேன். சாதா வெயிலில் இந்த இறுக்கம் வராது. ரெசின் நாற்றம் போகும்வரை பெட்ரோல் ஊற்றக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம்.

கடைசியாக, வாயையும் குழாய்த் துளையையும் அடைத்து, லேசாகக் காற்றடித்து, டேங்கின் பாகங்கள் சேரும் இணைப்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். எங்கும் குமிழி வரவில்லை. அதற்கப்புறம்தான் பெயிண்ட்.