‘ஆனாலும்’

2000 செப்டெம்பர் 25 அன்று வேல்ஸ் கவிஞர் ஆர்.எஸ். தோமஸ் காலமானார். அடுத்த வாரம் வேல்ஸின் அபரிஸ்ட்வித் நகரில் எங்கள் கவிதை வகுப்பு தொடங்கியது. விரிவுரையாளர் அம்மையார் வந்ததும் வராததுமாக, தோமஸின் 1946ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து ஒரு கவிதையை வாசித்தார்.

யாகோ பிரிதெர்க் என்ற வேல்ஸ் மலைநாட்டு விவசாயியைப் பற்றியது அது. மேக இடைவெளியில் சில ஆடுகளை அடைப்பான். மாட்டுக்கான கிழங்கின் பச்சைத் தோலைச் செதுக்குவான். இரவில் நாற்காலியில் அசையாமல் இருப்பான், நெருப்பில் துப்பக் குனியும்போது தவிர. அவன் மனத்தின் வெறுமை அச்சமூட்டுகிறது என்கிறார் கவிஞர். பிறகு, ‘ஆனாலும்’ என்று ஒரு சொல். மழையையும் காற்றையும் பருவந்தோறும் தாங்கி நிற்கும் இவன்தான் உங்கள் மூலவடிவம், இவனை மறவாதீர்கள் என்று கவிதை திரும்பிவிடுகிறது.

அந்தச் சொல்லிலேயே அம்மையார் ஒரு மணி நேரம் எங்களை நிறுத்தி வைத்தார். எனக்கு என் கல்லூரித் தமிழாசிரியர் நினைவுக்கு வந்தார். ‘நிலத்தினும் பெரிதே’ என்ற குறுந்தொகை வரியில் அந்த ஏகாரத்தை நீட்டிச் சொல்லிவிட்டு, “இதை எடுத்துவிட்டு வாசி பார்ப்போம்” என்பாரே! கவிதை வாசிக்க நான் பழகியது அங்கேதான்.

தோமஸ் அங்கிலிக்கன் குருவானவர். கார்டிஃபில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்தவர். வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷைக் குருவான பின்னரே முயன்று கற்றார். 1985இல் வந்த தன்வரலாற்றை அந்த மொழியில், தன்னையே ‘அவன்’ என்று படர்க்கையில் வைத்து எழுதினார். தலைப்பு ‘நெப்’, யாருமில்லை என்று பொருள். கவிதை மட்டும் ஆங்கிலத்தில்தான் வந்தது. தாய்மொழியில்தான் கவிதை பிறக்கும் என்று நம்பியவருக்கு, நேசித்த மொழி தாய்மொழியாக வாய்க்கவில்லை. இதை அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மக்கன்லெத் செல்லும் பஸ்ஸில் ஏறி எக்லுயிஸ் வாக் கிராமத்தில் இறங்கினேன். 1954 முதல் 1967 வரை அவர் பணியாற்றிய சிறிய தேவாலயம் தெருவோரத்திலேயே இருக்கிறது. உள்ளே மரவேலைக்கெல்லாம் கறுப்பு வண்ணம். பூசச் செய்தவர் அவர்தான். அந்த எளிமை என்னைக் கட்டிப்போட்டது. திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கறுப்பு வாங்கில் அமர்ந்து அந்தக் கவிதையை வாய்விட்டு வாசித்தேன். ‘ஆனாலும்’ வந்தபோது, ஆசிரியர் ஏகாரத்தை நீட்டுவதைப் போலவே என் குரலும் நீண்டது.