மறைந்துபோன பதினான்கு பதில்கள்: படிவம் திருத்திய நாட்குறிப்பு

4 ஆகஸ்ட் 2023, வெள்ளி

ஜவ்வாது மலையில் நாங்கள் நடத்திவரும் குழந்தை உணவுக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டின் படிவம் சர்வருக்கு அரைகுறையாக வந்திருப்பதை இன்று காலை கவனித்தேன். 3.8.2021 அன்று பிறந்த குழந்தை. எடையும் உயரமும் பதிவாகியிருந்தன, ஆனால் தாய்ப்பாலும் இணை உணவும் (தாய்ப்பாலோடு கொடுக்கும் மற்ற உணவு) பற்றிய பகுதி முழுவதும் வெறுமையாக இருந்தது. களப்பணியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஒண்ணு விடாம கேட்டேன்க்கா. முட்டை குடுத்தேன்னு அவங்க சொன்னதுகூட ஞாபகம் இருக்கு” என்றார். அவருடைய படிவங்களை இரண்டு மாதமாகப் பார்த்துவருபவள் என்ற முறையில், அவர் சொல்வதை நம்புகிறேன்.

மறுபடியும் போய்க் கேட்டுவரலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இந்தக் கேள்விகளுக்கு அது பொருந்தாது. “நேற்று பகலிலும் இரவிலும் குழந்தை என்னென்ன சாப்பிட்டது” என்பதே கேள்வி. இன்னொரு நாள் போய்க் கேட்டால் கிடைப்பது இன்னொரு நாளின் சாப்பாடு.

5 ஆகஸ்ட், சனி

நாங்கள் பயன்படுத்துவது ஓடிகே (ODK) என்ற, டேப்லெட்டில் படிவம் நிரப்பும் மென்பொருள். படிவத்தை எக்செல் தாளில் எழுதும்போது, எந்தக் கேள்வி எப்போது தோன்ற வேண்டும் என்ற நிபந்தனையை ‘ரெலவன்ட்’ என்ற நெடுவரிசையில் கொடுக்கிறோம். உணவுப் பகுதிக்கு நான் எழுதியிருந்த நிபந்தனை, குழந்தையின் வயது 24 மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. அதற்குள் வரும் இணை உணவுக் கேள்விகளுக்கு ஆறு மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இணை உணவுக் குறியீடுகள் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு உரியவை என்பதால் இந்த எல்லையில் தவறில்லை.

நல்லவேளையாக, ஒவ்வொரு பதிலும் எப்போது பதிவானது, என்னவாக மாறியது என்பதைக் குறித்துவைக்கும் தணிக்கைப் பதிவைத் தொடக்கத்திலேயே படிவத்தில் சேர்த்திருந்தோம். அதைத் திறந்து, மில்லிசெகண்டுகளில் இருந்த நேரத்தை மாற்றிப் பார்த்தேன். ஆகஸ்ட் 1, காலை 10.42: முட்டை, ஆம். அதற்கு மேலும் கீழுமாகச் சாமைச் சோறு, கீரை, பருப்பு, தாய்ப்பால் என்று பதினான்கு பதில்கள் வரிசையாக இருந்தன. அதன் பிறகு இரண்டு நாள் இடைவெளி. ஆகஸ்ட் 3 அன்று படிவம் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது.

7 ஆகஸ்ட், திங்கள்

காரணம் பிடிபட்டது. முதல் நாள் உணவுக் கேள்விகள் முடிந்ததும் தாய் களையெடுக்கக் கொல்லைக்குப் புறப்பட வேண்டியிருந்ததால், களப்பணியாளர் படிவத்தை வரைவாகச் சேமித்துவிட்டு, உயரம் அளக்க மூன்றாம் தேதி போயிருக்கிறார். வயதைக் கணக்கிடும் சூத்திரத்தில் இன்றைய தேதியைத் தரும் ‘டுடே’ செயல்பாட்டை நான் நேரடியாக வைத்திருந்தேன். படிவத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூத்திரங்கள் புதிதாகக் கணக்கிடப்படும். ஆகஸ்ட் 1 அன்று குழந்தைக்கு 728 நாள்; அதை ஒரு மாதத்தின் சராசரி நாளான 30.4 ஆல் வகுத்தால் முழு மாதம் 23. ஆகஸ்ட் 3 அன்று 730 நாள். முழு மாதம் 24. வயது எல்லையைத் தாண்டிய அந்த நொடியில் உணவுப் பகுதி திரையிலிருந்து மறைந்தது. அவர் நேராக உயரக் கேள்விக்குப் போனதால் அது மறைந்தது அவர் கண்ணில் படவில்லை. படிவத்தை இறுதி செய்தபோது, நிபந்தனைக்கு வெளியே நின்ற பதில்களை மென்பொருள் தன் விதிப்படி நீக்கிவிட்டது. மென்பொருள் செய்தது சரி. விதியை எழுதிய நான்தான் நேர்காணல் நாளையும் திறந்த நாளையும் ஒன்றாகக் கருதியிருக்கிறேன்.

30.4 என்ற எண்ணிலும் ஒரு பிழை இருக்கிறது. பிப்ரவரி 1 அன்று பிறந்த குழந்தைக்கு இந்த ஆகஸ்ட் 1 அன்று ஆறு மாதம் நிறைகிறது என்று எந்தத் தாயும் சொல்வார். நாள் கணக்கோ 181, வகுத்தால் 5.95. படிவம் அக்குழந்தையை ஐந்து மாதமாகவே எண்ணி, இணை உணவுக் கேள்விகளை மறைத்துவிடும்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

ஒரு விதி இப்படி ஏமாற்றிய பிறகு மற்றவற்றை நம்ப மனம் வரவில்லை. எல்லா நிபந்தனைகளையும் உட்கார்ந்து படித்தேன். “கர்ப்பமா” என்ற கேள்வியின் பதில் ‘இல்லை’ என்பதற்குச் சமமல்லாதபோது அடுத்த பகுதி திறக்கட்டும் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். பதிலே இடாத வெற்றிடமும் ‘இல்லை’ அல்லவே! ஆகவே கேள்வி கேட்கப்படும் முன்பே அந்தப் பகுதி திறந்து நின்றிருக்கிறது. ‘ஆம்’ என்பதற்குச் சமமாக இருந்தால் மட்டும் என்று மாற்றினேன். பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் நோய் அறிகுறிக் கேள்வியில் சமக்குறி போட்டிருந்ததால், காய்ச்சலோடு இருமலும் இருந்த குழந்தைக்குக் காய்ச்சல் தொடர்பான கேள்விகள் வரவில்லை. காய்ச்சல் மட்டுமே விடையாக இருந்தால்தான் சமக்குறி பொருந்தும்; அங்கே, தேர்ந்தெடுத்தவற்றில் காய்ச்சலும் இருக்கிறதா என்று பார்க்கும் ‘செலக்டட்’ செயல்பாடுதான் வேண்டும். படிவத்தை ஏற்றும்போது நடக்கும் சரிபார்ப்பு இவற்றில் எதையும் சுட்டிக்காட்டவில்லை, ஏனெனில் சூத்திரங்களின் இலக்கணம் எல்லாவற்றிலும் சரியாகவே இருந்தது.

9 ஆகஸ்ட், புதன்

நேர்காணல் தேதியைத் தனிக் கேள்வியாக்கி, களப்பணியாளரே பார்த்து உறுதிசெய்யும்படி வைத்தேன். வயது இனி அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். மாதங்களையும் வகுத்தலை விட்டு, ஆண்டு, மாத, நாள் வேறுபாட்டிலிருந்து எடுக்கிறேன். டேப்லெட்டின் தேதியை ஆகஸ்ட் 1க்கு மாற்றி, அதே பிறந்த தேதியை இட்டு, உணவுப் பகுதியை நிரப்பி, வரைவாகச் சேமித்தேன். பிறகு தேதியை ஆகஸ்ட் 3 ஆக்கித் திறந்தேன். பதினான்கு பதில்களும் இருந்தன. பிப்ரவரி 1 குழந்தைக்கும் இணை உணவுக் கேள்விகள் வந்தன.

அந்த வீட்டின் பதில்களைத் தணிக்கைப் பதிவிலிருந்து எடுத்து, மூலத் தரவைத் தொடாமல், தனி நெடுவரிசைகளில் எங்கிருந்து வந்தவை என்ற குறிப்போடு சேர்த்தேன். களப்பணியாளரை அழைத்து முட்டை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். மற்ற வீடுகளில் வரைவாக நின்று பிறகு முடிக்கப்பட்ட படிவங்களை நாளை காலை முதல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.